இரவு இரண்டு மணிக்கு ஐந்து பேர்

2008ஆம் ஆண்டின் கடைசியில், வேலூர் சத்துவாச்சாரியில் இருந்த எங்கள் வீட்டில் நான் நள்ளிரவில் அலாரம் வைத்து எழுவது பரீட்சைக்குப் படிக்கத்தான் என்று அம்மா வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். உண்மைக் காரணம் வேறு. அன்றைக்கு எங்களிடம் இருந்த பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டின் 500 ரூபாய்த் திட்டத்தில், இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு பயன்படுத்தினாலும் அது கணக்கில் ஏறாது. லண்டனில் வேலை பார்த்த பெரியப்பா மகன் தன் கார்டில் மாதம் 8.99 பவுண்டு கட்டி எனக்கும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒரு கணக்கு வாங்கித் தந்திருந்தார். நான் விளையாடியது ஐரோப்பிய சர்வரில். இங்கே இரவு இரண்டு என்றால் குளிர்காலத்தில் லண்டனில் மாலை எட்டரை, பாரிசில் ஒன்பதரை. அதாவது அந்த ஊர்க்காரர்கள் சாப்பிட்டு முடித்து விளையாட உட்காரும் நேரம். தொலைபேசி நிறுவனம் எனக்காகவே நேரம் குறித்துக் கொடுத்தது போல அது அமைந்துவிட்டது.

ஆன்லைன் விளையாட்டுகளில் குழுவைத் தானாகச் சேர்த்துக் கொடுக்கும் கருவி வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இரண்டு மணிதான். கருவி இல்லாத காலத்தில் ஓராண்டும், வந்த பிறகு பல ஆண்டுகளும் விளையாடியவன் என்ற முறையிலும், இன்றைக்கு வேலை, குடும்பம் என்று நேரத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். விளையாடுபவர்களைப் பல சர்வர்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள்; ஒரே சர்வரில் இருப்பவர்கள்தான் ஒருவரையொருவர் மறுபடி மறுபடி எதிர்ப்படுவார்கள். அந்த விளையாட்டில் டஞ்சன் எனப்படும் குகைகளுக்குள் ஐந்து பேராகத்தான் போக முடியும். ஒருவர் டேங்க்; எதிரிகளின் அடி முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டு முன்னால் நிற்பவர். ஒருவர் ஹீலர், மற்றவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்பவர். மீதி மூவர் அடிப்பவர்கள். நான் பிரீஸ்ட், அதாவது ஹீலர். 2009 டிசம்பருக்கு முன்பு இந்த ஐவரைச் சேர்ப்பதற்குச் சந்தையில் கூவுவதைத் தவிர வேறு நல்ல வழி இருக்கவில்லை. தலாரன் என்ற நகரத்தில் நின்றுகொண்டு, பொதுச் சாட்டில் "டேங்க் ஒருவர் தேவை" என்று மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். நால்வர் சேர்ந்து ஐந்தாமவரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முதலில் வந்தவர் சலித்துப் போய்விடுவார். ஐந்து பேரும் சேர்ந்த பிறகும் வேலை முடியாது. யாராவது இருவர் பறந்து போய், குகை வாசலில் இருக்கும் அழைப்புக் கல்லைத் தொட்டு மற்றவர்களை வரவழைக்க வேண்டும். "நீ போ" என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவதிலேயே பத்து நிமிடம் கழியும்.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தவன் நான்கு மணி வரை ஒரு குகைக்குள்ளும் நுழையாமல், வெறுமனே கூவிவிட்டு எழுந்த இரவுகள் பல உண்டு. ஐந்தரைக்குப் பால்காரர் மணியடிப்பார். அதற்குள் திரையை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் காலத்தில்தான் எனக்கு ஒரு போர்ச்சுகல்காரர் பழக்கமானார். அவர் டேங்க். ரொட்டி சுடும் பேக்கரியில் வேலை. அவருக்கு நள்ளிரவில் ஷிஃப்ட் தொடங்கும், அதாவது எங்கள் வீட்டுப் பால்காரர் வரும் அதே நேரத்தில். அதனால் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து போக வேண்டியவர்களாக இருந்தோம். முதல் சந்திப்பு தற்செயலாக நடந்தது. ஒரே சர்வர் என்பதால் இரண்டாவது, மூன்றாவது சந்திப்புகளும் தற்செயலாகவே நடந்தன. நான்காவது முறை அவரே என்னைத் தேடி அழைத்தார். என் ஆங்கிலம் அப்போது தட்டுத்தடுமாறும். அவருடையதும் அப்படித்தான் இருந்தது என்பது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

ஓர் இரவு, மின்னல் மண்டபம் என்று நான் பெயர் வைத்திருந்த ஹால்ஸ் ஆஃப் லைட்னிங் குகையில், கடைசியாக வீழ்த்த வேண்டிய எதிரித் தலைவனின் வாசலில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. தமிழ்நாட்டில் மின்வெட்டு தொடங்கியிருந்த காலம் அது. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தது. ஆனால் மோடத்தின் பிளக் சுவரில் வேறொரு பாயிண்டில் இருந்ததால், திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்க, என் உருவம் அந்த உலகத்திலிருந்து மறைந்துபோனது. இருபத்தைந்து நிமிடம் கழித்து கரண்ட் வந்தது. எப்படியும் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தால், நால்வரும் அதே வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "இந்தியாக்காரன், கரண்ட், வந்துவிடுவான்" என்று மற்ற மூவரையும் அவர் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த மூவருக்கு என்னைத் தெரியாது. அவருக்குத் தெரியும், அவரை அவர்களுக்குத் தெரியும்.

2009 டிசம்பர் 8 அன்று வெளியான 3.3 பதிப்பில் டஞ்சன் ஃபைண்டர் என்ற அந்தக் கருவி வந்தது. ஒரு பொத்தானை அழுத்தி, நீங்கள் எந்த வேலைக்கு என்று குறித்துவிட்டால் போதும். பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்து அதுவே சேர்க்கும். பறந்து போக வேண்டாம், கல்லைத் தொட வேண்டாம், நின்ற இடத்திலிருந்து நேரே குகைக்குள் இறக்கிவிடும். முதல் இரவு இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பொத்தானை அழுத்தினேன். ஹீலருக்கு என்றைக்கும் தட்டுப்பாடு என்பதால் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இருந்தேன். நான்கு மணிக்குள் நான்கு குகைகள் முடிந்துவிட்டன. ஓராண்டாகக் கூவிக் கூவி நான் இழந்த இரவுகளையெல்லாம் யாரோ வட்டியோடு திருப்பித் தந்தது போல இருந்தது. அன்றைய மகிழ்ச்சியை இன்று குறைத்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூவும் காலம் எல்லோருக்கும் பொற்காலமாக இருக்கவில்லை. கியர்ஸ்கோர் என்ற ஒரு துணை நிரல் அப்போது பரவியிருந்தது. உங்கள் ஆயுதம், கவசம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு ஒரு கூட்டுத்தொகையைக் காட்டும். குழு சேர்ப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்பார்கள். குறைவாக இருந்தால் பதிலே வராது. நல்ல கவசம் வேண்டுமானால் குகைக்குள் போக வேண்டும், குகைக்குள் போக வேண்டுமானால் நல்ல கவசம் வேண்டும். கருவி அந்த எண்ணை என்னிடம் கேட்டு விரட்டவில்லை, என் ஆங்கிலத்தைச் சோதிக்கவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அது திறந்த கதவு.

இரண்டாவது வாரத்திலிருந்து வேறொன்று கண்ணில் படத் தொடங்கியது. நாற்பது, ஐம்பது குகைகள் முடித்திருப்பேன். ஒருவர் பெயரும் நினைவில் இல்லை. உள்ளே இறங்கியதும் டேங்க் ஓடத் தொடங்குவார், நாங்கள் பின்னால் ஓடுவோம், கடைசித் தலைவன் விழுந்த அதே நொடியில் ஐவரும் மறைந்துவிடுவார்கள். பேச்சு இல்லை. பேசினாலும் பயனில்லை, ஏனென்றால் அந்தத் தொடக்கக் காலத்தில் வேறு சர்வர்க்காரரை நட்புப் பட்டியலில் சேர்க்கவே முடியாது. சர்வர் தாண்டி நட்புக்கு வழி 2010இல்தான் வந்தது. அதாவது, சேர்த்துவைக்கும் வழியை முதலில் கொண்டுவந்துவிட்டு, மறுபடி சந்திக்கும் வழியை ஆறு மாதம் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள்.

பிறகு ஓர் இரவு மறுபடியும் கரண்ட் போனது. மோடத்தை யு.பி.எஸ்.ஸில் மாட்ட வேண்டும் என்று ஓராண்டாக நினைத்துக்கொண்டே இருந்தேன், மாட்டவில்லை. இந்த முறை நான்கே நிமிடத்தில் கரண்ட் திரும்பிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் நான் தலாரன் நகரத்தில் தனியாக நின்றிருந்தேன். வாக்கெடுத்து என்னை நீக்கியிருந்தார்கள். வேறொரு ஹீலரைக் கருவி ஒரு நிமிடத்தில் கொடுத்திருக்கும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். யாரென்றே தெரியாத, இனிமேல் பார்க்கவே போகாத ஒருவருக்காக எதற்குக் காத்திருப்பது?

பின்னாளில் சென்னையில் வேலை கிடைத்து, காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்த இரண்டு ஆண்டுகளில் இது எனக்கு இன்னும் தெளிவானது. வீட்டிலிருந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. ஆள் சேர்ந்ததும் புறப்படும், இறங்கியதும் அவரவர் வழி. பக்கத்தில் உட்கார்ந்தவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. ரயிலில் ஏறினால் சீசன் டிக்கெட்காரர்களின் பெட்டி. ஒருவர் ஒருநாள் வரவில்லை என்றால் போன் போட்டு விசாரிப்பார்கள். ஓடிவருபவருக்காகக் கதவருகே கை நீட்டி நிற்பார்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸ் கூட்டத்தில் எனக்கு இடம் போட்டு வைத்தவரின் பெயர் எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். இவர்கள் நல்லவர்கள், ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல விஷயம். இரண்டிலும் ஏறியவன் நான் ஒருவன்தானே! நாளைக்கும் இதே முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற ஒன்றுதான் நடத்தையை மாற்றுகிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: கருவி வேண்டும். என் போர்ச்சுகல் நண்பரை என்னிடமிருந்து பிரித்தது பொத்தான் அல்ல. அந்தப் பொத்தான் ஒரே சர்வருக்குள் முதலில் தேடாமல் பல சர்வர்களையும் கலந்து தேடியதுதான். சில நிமிடம் சொந்தச் சர்வருக்குள் தேடிவிட்டு, ஆள் கிடைக்காவிட்டால் மட்டும் வெளியே தேடும்படி அமைத்திருந்தால், எனக்குப் பொத்தானும் கிடைத்திருக்கும், நண்பரும் கிடைத்திருப்பார்.

ஆள் குறைந்த சர்வரில், அகால நேரத்தில் அப்படித் தேடினால் காத்திருப்பு நீளும் என்று சிலர் மறுப்பார்கள். நீளும்தான். ஆனால் காத்திருப்பு நீளுவதற்கு முக்கியமான காரணம் சர்வர் அளவு அல்ல, வேலைப் பங்கீடு. ஐந்து பேர் குழுவில் ஒரு டேங்க் வேண்டும். நூறு பேர் வரிசையில் நின்று, அவர்களில் பத்துப் பேர்தான் டேங்க் என்றால், பத்துக் குழுக்கள்தான் கிளம்பும். அடிப்பவர்களில் முப்பது பேருக்கு மேல் இடம் கிடைக்காது. எவ்வளவு சாமர்த்தியமான நிரலும் இல்லாத டேங்க்கை உண்டாக்க முடியாது. 2011இல் அதே விளையாட்டில் தட்டுப்பாடான வேலைக்கு வருபவர்களுக்குக் கூடுதல் பரிசுப் பை கொடுக்கத் தொடங்கியது இதனால்தான். நாற்று நடவுக்கு ஆள் கிடைக்காத வாரத்தில் கூலி ஏறுவதைப் பார்த்த எங்கள் மாவட்டத்துக்காரர் எவருக்கும் இது புதிய பாடம் இல்லை.

கருவி வந்தபோது ஒரு நல்ல விதியும் கூடவே வந்தது. அதற்கு முன்பு, குகையில் கிடைத்த, தனக்குப் பயன்படாத அங்கியைப் பேராசையில் தட்டிக்கொண்டு போன ஒருவரை எங்கள் சர்வரில் மூன்று வாரம் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். கருவியில் சேரும் குழுவில் அந்த வெட்கம் வேலை செய்யாது என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள் போலும். அவரவர் பாத்திர வகைக்கு உரிய பொருளுக்குத்தான் "தேவை" என்று கேட்க முடியும் என்று நிரலிலேயே கட்டிவிட்டார்கள். ஊர் வாய் செய்த வேலையை விதி செய்தது. ஆனால் காத்திருக்கச் சொல்லும் விதியை யாராலும் எழுத முடியவில்லை.

2019 ஆகஸ்டில் பழைய விளையாட்டைப் பழையபடியே கிளாசிக் என்ற பெயரில் மறுபடி வெளியிட்டபோது, கருவி இல்லாத அந்தக் காலத்தையும் சேர்த்தே திருப்பித் தந்தார்கள். நானும் ஆசையோடு போனேன். அப்போது எனக்குத் திருமணமாகி, மகனுக்கு இரண்டு வயது. நாற்பது நிமிடம் கூவி ஐந்து பேரைச் சேர்த்து, குகை வாசலை எட்டும்போது குழந்தை எழுந்து அழுதது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினேன். அடுத்த வாரமும் அதேதான். இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். "கஷ்டப்பட்டுச் சேர்ந்தால்தான் உறவு" என்று வாதிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது ஒரு சந்தேகம் எழுகிறது: இவர்களுக்கு மாலை முழுவதும் சொந்தமாக இருக்கிறது, அல்லது ஏற்கெனவே நான்கு நண்பர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில், கருவி முதலில் பிறந்த அதே பாகத்தைக் கிளாசிக்காக வெளியிட்டபோது வேண்டுமென்றே அதை நீக்கி வைத்தார்கள். 2023இல் மறுபடி சேர்த்தார்கள். தயாரிப்பாளர்களுக்கே இதில் ஒரு முடிவுக்கு வர ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இடையில் ஃபைனல் ஃபேண்டசி 14ஐயும் சில காலம் விளையாடினேன். நான் விளையாடிய காலத்தில், தானியங்கிக் கருவி இல்லாமல் கதையையே நகர்த்த முடியாது என்ற அளவுக்கு அது அதில் அடிப்படையாக இருந்தது. இருந்தும் அங்கே நான் கண்ட நடத்தை நயமாக இருந்தது. குழுவில் ஒருவர் அந்தக் குகைக்குப் புதியவர் என்றால் மற்ற அனைவருக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும். அதனால் "நான் முதல் முறை" என்று ஒருவர் சொன்னதும் எரிச்சலுக்குப் பதில் வரவேற்பு வரும். முடிந்ததும், கூட வந்த அந்நியர்களில் ஒருவருக்கு மட்டும் பாராட்டு வாக்கு அளிக்கலாம். மொழி தெரியாதவர்களுக்காக, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் எதிராளியின் மொழியில் தோன்றும் ஆயத்தச் சொற்கள் இருக்கும். 2008இல் எனக்கு அது கிடைத்திருந்தால் எத்தனை இரவுகளில் வாய் திறந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

குடியாத்தத்தில் இருக்கும் அக்கா மகனுக்கு இப்போது பதினாறு வயது. அவன் விளையாடுவது பி.ஜி.எம்.ஐ., விமானத்திலிருந்து குதித்து இறங்கிச் சுட்டுக்கொள்ளும் போன் விளையாட்டு, நான்கு பேர் ஸ்குவாட். பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் என்ற வரம்பு அதில் இருப்பதால், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்குக் காசு. கோடை விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது போனைத் தூக்கி எறியாத குறையாகக் கத்தினான்: "இன்னா மாமா இது, ரேண்டம்ல போட்டா ஒருத்தனும் கூட நிக்க மாட்றான். குதிச்சதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிகினு கீறானுங்க."

அவனுக்கு நான் சொன்னவை எல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டவைதான். நான்கு இடத்தையும் கருவியிடம் விடாதே. பள்ளி நண்பன் ஒருவனை முதலில் சேர்த்துக்கொண்டு இருவராகப் போ, மீதி இரண்டை மட்டும் கருவி நிரப்பட்டும், பேச ஒருவன் இருந்தால் மற்ற இருவரும் பேசத் தொடங்குவார்கள். குதிப்பதற்கு முன்பே வரைபடத்தில் இடத்தைக் குறித்துவிடு. மைக்கில் கத்துவதைவிட அது வேலை செய்யும். விழுந்துகிடக்கும் உன்னை எழுப்பிவிட ஓடிவந்தவன் எவனோ, ஆட்டம் தோற்றாலும் அவனுக்கு நட்பு அழைப்பு அனுப்பு. நன்றாகச் சுடுகிறவனைவிட அவன்தான் உனக்கு வேண்டியவன். ஆட்டம் முடிந்ததும் உடனே வெளியேறாமல் பத்து நொடி நில். மறுபடி சேரலாமா என்று கேட்பவர்கள் அந்தப் பத்து நொடியில்தான் கேட்பார்கள். எல்லோரும் துப்பாக்கியோடு முன்னால் ஓடும்போது நீ மருந்தும் புகைக்குண்டும் சேர்த்து வைத்துக்கொண்டு பின்னால் இரு. தட்டுப்பாடான வேலையைச் செய்பவனை யாரும் விட்டுவிட மாட்டார்கள், ஹீலராக இருந்த எனக்கு அது தெரியும். கடைசியாக, வீட்டு வைஃபை பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் மாட்டு. இதைச் சொன்னபோது அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆடிக் கிருத்திகைக்குப் போனபோது அவன் மாடியில் போனோடு உட்கார்ந்திருந்தான். ஆட்டத்துக்கு முன் காத்திருக்கும் லாபியில் மூன்று உருவங்கள் நின்றிருந்தன, நான்காவது இடம் காலி. ஓசூரில் இருக்கும் ஒரு பையன், ரேண்டமில் சேர்ந்து பழக்கமானவனாம். அம்மா கடைக்கு அனுப்பியதால் போயிருக்கிறான். கீழே கருவியின் பொத்தான் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது, தொட்டால் சில நொடிகளில் வேறு ஒருவன் வந்து நின்றுவிடுவான். எட்டு நிமிடம் ஆகிவிட்டது என்று நான் நினைவூட்டினேன்.

"இரு மாமா, வந்துடுவான்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.